வில்லுக்குச் செய்த ஸ்கோப்

மலிவுச் சரக்கு என்று தெரிந்துதான் வாங்கினேன். விசையை இழுத்தால் அம்பு பாயுமே, கிராஸ்போ என்கிற வில், அதில் மாட்டிக் குறிபார்க்கச் செய்த ஸ்கோப், ஒரு சின்னத் தொலைநோக்கி, அது. துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்பின் விலையில் கால்வாசிதான். கடைக்காரர் "நல்லா உழைக்கும் சார்" என்று சொல்லும்போதே வேறு பக்கம் பார்த்தார். அதை என் மச்சினனுடைய ஏர்கன் என்னும் காற்றுத் துப்பாக்கியில் மாட்டிப் பார்ப்பது என்னுடைய மகா யோசனை.

"மாமா, இது வில்லுக்குப் போடறது" என்றான் மச்சினன், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "நம்ம ஏர்கன் ஸ்பிரிங் முன்னாலயும் உதைக்கும், பின்னாலயும் உதைக்கும். நாலு தடவ சுட்டா உள்ள இருக்கறது எல்லாம் கழண்டுடும்."

"கழண்டா என் பொருள்தானே? நீ ஸ்க்ரூவ முறுக்கு மாப்ள."

அவன் என் மனைவியின் தம்பி. இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், இரும்புக் குழாய்கள் அடுக்கும் கிடங்கில். நான் மேலே கிரேன் கேபினில் உட்கார்ந்திருப்பேன். அவன் கீழே நின்று எனக்குக் கை காட்டுவான். ஏற்று, இறக்கு, நில், எல்லாம் கையால்தான். அந்த இரைச்சலில் வாய்க்கு வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுப் பின்புறத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, தாளில் வட்டம் வரைந்து ஒட்டி, இருபத்தைந்து மீட்டரிலிருந்து சுடுவோம். இரண்டு வருடமாக நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். குண்டு சரியில்லை என்பேன், காற்று அடிக்கிறது என்பேன், எதிர்வெயில் என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

உண்மை என்னவென்றால், எனக்குத் தூரப் பார்வை மங்கிவிட்டிருந்தது. அது எனக்கே தெரியும். கம்பெனியில் வருடம் ஒருமுறை நடக்கும் கண் பரிசோதனையில் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து தேறினேன். மூன்று வருடமாக அதே அட்டை. கண்ணாடி போட்டவனைக் கிரேனில் ஏற்றமாட்டார்கள் என்று கேன்டீனில் எவனோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைக் கிரேன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அது போய்விட்டால் நான் யார்? அந்தப் பயத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஸ்கோப் வாங்குவதற்கு ஆறு வாரம் முன்பு ஒரு கட்டுக் குழாயை இறக்கினேன். அது மச்சினனின் இடது கால்மேல் உட்கார்ந்தது. இரும்பு முனை வைத்த பூட்ஸ் இருந்ததால் பாதம் தப்பியது, இரண்டு விரல்கள் முறிந்தன. விசாரணையில் ஃபோர்மேன் கேட்டபோது, "இறக்குன்னுதான் சார் கை காட்டினான், இறக்கினேன்" என்றேன். அவன் கை எனக்குச் சரியாகவே தெரியவில்லை என்பதைச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கவனக்குறைவு என்று அவனுக்கு மெமோ வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதைவிடக் கொடுமை, காலில் கட்டோடு படுத்திருந்தவன் என்னைப் பார்த்து, "நான்தான் தப்பா காட்டிட்டேன் போல மாமா, உங்களுக்கும் கெட்ட பேரு" என்றான். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "பரவாயில்ல, இனிமே பார்த்துக் காட்டு" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கட்டுப் பிரித்து அவன் வேலைக்குத் திரும்பிய வாரம்தான் நான் இந்த ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அவனே ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் இரண்டு வளையங்களையும் போட்டு, முறுக்கி, ஸ்கோப் உதையில் நகர்ந்தால் தெரியட்டும் என்று பென்சிலால் ஓர் அடையாளமும் வைத்துக் கொடுத்தான்.

முதலில் கண்ணை வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. கண் வைக்கும் முனையில், அவரவர் பார்வைக்கேற்பத் தெளிவாக்கிக்கொள்ள ஒரு வளையம் இருந்தது. திருகினேன். இன்னும் திருகினேன். கடைசிவரை திருகியதும் சட்டென்று எல்லாம் தெளிந்தது. தாளில் பென்சில் அழுத்திய தடம், மணல் மூட்டையின் தையல் நூல், மூட்டைக்குப் பின்னால் செடியில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக. அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அது வெளியே தெரியக்கூடாதென்று சத்தம் போட்டேன்.

"மாப்ள, பளிங்கு மாதிரி இருக்குடா! மலிவு மலிவுன்னியே!"

உள்ளே குறுக்காக ஐந்து கோடுகள், அம்பு தூரத்துக்குத் தூரம் தாழ்ந்து போகும் கணக்குக்காக. மேல் கோட்டை வைத்துச் சுட்டேன், குண்டு கீழே இறங்கியது. இரண்டாவது கோட்டை வைத்தேன், வட்டத்துக்குள் விழுந்தது. அடுத்த ஐந்து குண்டுகளும் ஒரு பாட்டில் மூடிக்குள் அடங்கின. என் வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. பென்சில் அடையாளமும் நகரவில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

"கொடுங்க, நானும் பார்க்கறேன்" என்று மச்சினன் வாங்கினான். கண்ணை வைத்ததும் சிரித்தான். "சொன்னேனே, உடைஞ்சிடுச்சு. ஒரே புகை."

"புகையா? இப்பதானே சுட்டேன்!"

"சத்தியமா ஒண்ணும் தெரியல மாமா."

என்னோடு வந்திருந்த என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், அவளிடம் நீட்டினோம். அவள் ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, "என்னங்க இது, ஆவி பிடிக்கற மாதிரி இருக்கு. எதப் பார்த்துச் சுட்டீங்க?" என்றாள். மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மச்சினன் வளையத்தைத் திருப்பித் திருகினான். மூன்று சுற்று. "இப்ப தெரியுது" என்று சொல்லி இரண்டு குண்டு சுட்டான். இரண்டும் வட்டத்துக்குள். என்னிடம் கொடுத்தான். பார்த்தேன். பழையபடி புகை.

"தெரியல" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

அவன் வளையத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. ஏர்கன்னை வாங்கி, குண்டு இல்லை என்று பார்த்து, மேசைமேல் வைத்தான். பிறகு காலை இழுத்து இழுத்து மணல் மூட்டைவரை நடந்தான். தாளை மாற்றப் போகிறான் என்று நினைத்தேன். மூட்டை அருகே என் பக்கம் திரும்பி நின்று வலது கையை நீட்டினான்.

"மாமா, நான் என்ன காட்டறேன்?"

எனக்குத் தெரிந்தது ஒரு சட்டைக் கை, அதன் நுனியில் ஏதோ ஒன்று. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேபினில் தினமும் செய்ததையே செய்தேன். குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னேன்.

"இறக்கு."

அவன் கையை எடுக்கவில்லை. என் மனைவி தம்பியைப் பார்த்தாள், பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அது 'நில்'னு காட்டற கை, நீங்கதானே எனக்குச் சொல்லியிருக்கீங்க. உள்ளங்கையக் கவுத்து, விரல விரிச்சு வச்சிருக்கான். எனக்கே தெரியுதே."

அவன் திரும்பி வந்தான். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கும் இதைத்தான் காட்டினேன் மாமா. அஞ்சு வாரமா நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு கை காட்டிப் பழகறேன். எனக்குத் தெரியாமலே விரல் மடங்குதோன்னு டாக்டர்கிட்டகூடப் போய்க் கையக் காட்டினேன். ஒண்ணுமில்ல, மனசுதான்னு சொல்லி அனுப்பிட்டாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது மாப்ள. மூணு வருஷமா" என்றேன். என் மனைவி கொண்டுவந்த தண்ணீரை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மச்சினனை வைத்துக்கொண்டே ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டையை மனப்பாடம் செய்தது, விசாரணையில் சொன்ன பொய், எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டலாமேய்யா, யாரு வேண்டாம்னா? பக்கத்துக் கிரேன்ல இருக்கறவரு போட்டிருக்காரே, அது என்ன, அலங்காரமா?"

அந்த மனிதர் மேலே ஏறினால்தான் கண்ணாடி போடுவாராம். அவர் கேபின் எனக்கு எங்கே தெரிந்தது? யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஒன்றுமில்லாத ஒன்றுக்காகத்தான் அவன் கால்மேல் இரும்பை இறக்கிவிட்டு, பழியையும் அவன்மேல் இறக்கியிருந்தேன். மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல இருந்தது அவன் முகம்.

அவன் மெமோவை ரத்து செய்து, எனக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒரு மாதம் ஸ்டோரில் நட்டு போல்ட் பிரித்தேன். கண்ணாடி வாங்கினேன். புது அட்டையில் நேர்மையாகப் படித்துத் தேறினேன். மறுபடி கிரேன் ஏறும் நாளில் ஃபோர்மேன் மச்சினனைக் கூப்பிட்டார். ஓட்டுகிறவரும் கை காட்டுகிறவரும் ஒருவரையொருவர் ஒப்புக்கொண்டால்தான் ஜோடி சேர்ப்பார்.

"மறுபடி உன் மாமாவோட நிக்கறியா?"

அவன் சரி என்பான் என்றுதான் இருந்தேன். அதற்குள் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான், சாப்பிட்டான், அக்காவைக் கிண்டல் செய்தான், என்னோடும் நாலு வார்த்தை பேசினான். ஆறிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"வேற யாரையாவது போடுங்க சார்" என்றான்.

வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தான்.

"நீங்க எனக்கு மாமாதான், அதுல ஒண்ணும் மாறல. வீட்டுக்கு வாங்க, சாப்பிடுங்க, எப்பவும் போல சுடலாம். உங்க கிரேன் கொக்கிக்குக் கீழ மட்டும் என்னை நிக்கச் சொல்லாதீங்க."

அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "சரி மாப்ள" என்றேன்.