பொன்னுத்தங்கம் பிடித்த துப்பாக்கி

அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் கம்பி மத்தாப்புக்குப் பாக்கெட் போடும் ஓவியா, ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் பழைய சாமான் கடையில் ஒரு டிவி கேம் வாங்கினாள். இருபத்தாறு வயதில் இது எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "ஆசையா இருந்துச்சும்மா" என்றாள். கடைக்காரர் கேம் பெட்டியோடு ஒரு துணிப்பையையும் கொடுத்து, "இதுல கெடக்கது பூராம் அதோட சேந்ததுதான். எது எதுக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் பையைக் கொட்டிப் பார்த்தாள். கையில் பிடித்து ஆடுகிற ரிமோட் இரண்டு, ஒரு கேசட், ஒரு அடாப்டர். அதுவரை புரிந்தது. அப்புறம் வால் மாதிரி வயர் தொங்கும் ஒரு கறுப்புத் துப்பாக்கி. தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிற டப்பா, அதன் நடுவே இப்படியும் அப்படியும் நகரும் சுவிட்ச். இரண்டையும் படம் பிடித்து, பழைய கேம் ஆடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து ஹரிபிரசாத் என்பவர் பதில் போட்டார்: "துப்பாக்கி எதையும் சுடாதுங்க. அதோட வாய்க்குள்ள வெளிச்சத்தைப் பார்க்கிற கண்ணு ஒண்ணு இருக்கு. பழைய குண்டு டிவியில மட்டும்தான் வேலை செய்யும். அந்த டப்பா சரியாத் தெரியலீங்க."

ஓவியா வீட்டில் இருந்தது சுவரில் மாட்டிய தட்டை டிவி. சப்பென்று போய்விட்டது. துப்பாக்கியையும் டப்பாவையும் பைக்குள் திருப்பிப் போட்டாள். மறுநாள் காலை அவசரத்தில் அதே பையில் தூக்குச்சட்டியை வைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதுதான் வினையாகிவிட்டது.

ஆலை கேட்டில் பெண்களைச் சோதித்து அனுப்புவது பொன்னுத்தங்கம். செல்போன், தீப்பெட்டி, பேட்டரி எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. அவளிடம் யாரும் சிரித்துப் பேசியதும் கிடையாது. பைக்குள் கைவிட்டவள் அப்படியே நின்றாள். மெல்லத் துப்பாக்கியை வெளியே எடுத்தாள்; கூடவே அந்தச் சாம்பல் டப்பாவும் வந்தது. வரிசை முழுக்கப் பின்வாங்கியது.

"ஏ புள்ள, யாரைச் சுடப் போற?"

"அக்கா, அது டிவி கேம் சாமான்க்கா. மறந்து கொண்டாந்துட்டேன்."

போர்மேன் காசிராஜன் ஓடிவந்தார். "கரண்டு சாமானை உள்ள கொண்டாரலாமா? வீட்டுக்குப் போகச் சொல்லு."

பொன்னுத்தங்கம் துப்பாக்கியை ஒரு குலுக்கு குலுக்கினாள். "உள்ள போனாத்தான தப்பு? கேட்டுலயே புடிச்சாச்சுல்ல. ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும். நீ வேலையப் பாரு புள்ள."

சாயந்தரம் ஓவியா பயந்துகொண்டே போய் நின்றாள். பொன்னுத்தங்கம் ஒரு கண்ணை மூடி, வேப்பமரத்துக் காக்கையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னத்தச் சுடும்?"

ஓவியா விவரம் சொன்னாள். குண்டு டிவி இல்லாத வருத்தத்தையும் சொன்னாள்.

"எங்க வீட்டுல இருக்கே. அது மேலதான் அரிசி டின் வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வா. அந்தச் சாம்பல் டப்பாவையும் மறக்காமக் கொண்டா."

"அது என்னன்னே தெரியலக்கா."

"எனக்குத் தெரியும். ஆன்டெனா வயரு மாட்டுறது. டிவிக்கும் கேமுக்கும் நடுவுல இது இல்லாட்டி படமே வராது. எம் மகன் சின்னப்பிள்ளையில ஒண்ணு வச்சிருந்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஓவியா கேம் பெட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். சாத்தூரில் பொன்னுத்தங்கம் வீடு ஒற்றை அறை. மகன் திருப்பூரில் இருந்தான். அரிசி டின்னை இறக்கி, டிவியின் பின்புறம் டப்பாவைச் செருகி, சுவிட்சைக் கேம் பக்கம் தள்ளினார்கள். திரையெல்லாம் புள்ளிப் புள்ளியாய் இரைந்தது. ஓவியா டிவியின் குமிழைத் திருகத் திருக, நீல வானமும் பறக்கும் பறவையும் தெளிந்து வந்தன.

"வந்துருச்சுக்கா!"

முதல் பத்துப் பறவைகளும் தப்பின. பொன்னுத்தங்கம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டிபோட்டாள். விசையை அழுத்தினாள். திரை ஒரு கணம் இருண்டு மின்னியது. பறவை தலைகுப்புற விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு இருளம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். கேட்டில் எட்டு வருஷமாகப் பார்த்த அந்த முகத்துக்கு இப்படியும் சிரிக்கத் தெரியும் என்பது ஓவியாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

பொழுது சாய, ஓவியா வயர்களைச் சுருட்டத் தொடங்கினாள்.

"தட்டை டிவிய வச்சுக்கிட்டு இதத் தூக்கிட்டுப் போயி என்ன செய்வ?" என்றாள் பொன்னுத்தங்கம், பார்வையைத் திருப்பிக்கொண்டு. "இங்கனயே கெடக்கட்டும். வாராவாரம் வந்துரு."

அடுத்த ஞாயிறு ஓவியா ஒரு பொட்டலம் காரச்சேவோடு போனாள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. உள்ளே இருளம்மாள் ஒரு பக்கம், பொன்னுத்தங்கம் ஒரு பக்கம், துப்பாக்கிக்கு இழுபறி நடந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, நான் வாரதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீகளா?"

"சத்தம் போடாத புள்ள," என்றாள் பொன்னுத்தங்கம் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "பறவை வருது."