தோலோடு காய்ந்த காப்பி

கலா நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணன் வீட்டுக் களத்துக்கு வந்தபோது, அண்ணி வெள்ளையம்மாள் ஆறு சாக்குக் காப்பியையும் அவிழ்த்துக் கொட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். பூசண வாடை வேலி வரைக்கும் வந்தது.

"வா அம்மணி. உன்ற மிசினு பச்சை வெளக்கு காட்டுச்சு, மூட்டை கட்டினேன். பாரு கோலத்தை. மிசினும் உன்னையாட்டமே, நொம்ப நல்ல சேதி மட்டுந்தான் சொல்லும்போல."

கலா பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. நகத்தளவு மெல்லிய படலம் ஒன்றைச் செய்து, அதைக் காப்பிக் குவியலுக்குள் செருகினால் ஈரத்தை அளந்து, காய்ந்ததும் பச்சை விளக்கு காட்டும் கருவியாக ஆக்கியவள். அதற்காகப் பதவி உயர்வும் கிடைத்தது. முதல் கருவியைப் பெருமையாக அண்ணிக்குத் தபாலில் அனுப்பியதும் அவள்தான். அடுத்த வாரம் இந்த மலையில் இருநூறு விவசாயிகளுக்கு விழா வைத்துக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது.

கலா ஒரு காப்பிப் பழத்தை உடைத்தாள். மேல்தோல் சருகாகக் காய்ந்திருந்தது. உள்ளே கொட்டை முழுக்க வெள்ளைப் பூசணம். பார்த்ததுமே விளங்கிவிட்டது. சோதனைக்கு அவள் வாங்கியதெல்லாம் பெரிய எஸ்டேட்டில் தோல் நீக்கிக் கழுவிய கொட்டை. ஒரே சீராக இருக்கும், ஆய்வுக் கட்டுரை சீக்கிரம் முடியும். இங்கே சின்ன விவசாயிகள் பழத்தைத் தோலோடுதான் காயப்போடுவார்கள். படலம் தோலைத் தொட்டது, தோலின் ஈரத்தைச் சொன்னது. வேறு யாராவது என்றால் தெரியாமல் செய்திருக்கலாம். கலா இதே களத்தில் பழம் கிளறி வளர்ந்தவள்.

"நான் சரியாக் கிளறி உடலையாம். பக்கத்துக் காட்டுக்காரங்க சொல்றாங்க. அப்படித்தானா கலா?"

ஆமாம் என்று சொன்னால் கருவி தப்பித்துவிடும். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

"இல்லீங்க அண்ணி. நீங்க சரியாத்தான் காய வெச்சீங்க. மிசினுதான் தப்பு. தோலோட வெச்சு நான் பாக்கவே இல்லீங்க."

வெள்ளையம்மாள் ஒரு பழத்தை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மூட்டை கட்டற அன்னிக்கு ஒண்ணைக் கடிச்சுப் பாத்தேன். காயாததாட்டம் மெத்துனு இருந்துச்சு. நீ செஞ்சது பொய் சொல்லுமா, என்ற பல்லுத்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன்."

கலா வேலிப் பக்கம் போய், ஆய்வுக்கூடத்தில் தன்கீழ் வேலை செய்யும் ஜெயபிரகாஷை போனில் கூப்பிட்டாள்.

"கருவி எதையும் அனுப்பாதீங்க."

"மேடம், விழாவுக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சே. காரணம் என்னன்னு எழுதட்டும்?"

"சோதனை சரியில்ல, அது என் தப்புன்னு எழுதுங்க. வெளியான கட்டுரையையும் திரும்ப வாங்கணும்."

பதவி உயர்வு அந்தக் கட்டுரைக்குத்தான் வந்ததென்று இருவருக்கும் தெரியும்.

திரும்பி வந்து அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே பார்த்தால் நல்ல பழமும் கெட்ட பழமும் ஒன்றுபோலவே இருந்தன. இருவரும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்கள். தேறியது கொஞ்சம்தான்.

"இதைச் செய்ய எத்தனை வருசம் ஆச்சு உனக்கு?"

"ஆறு வருசமுங்க."

"ஆறு வருசத்துல ஒருநா ஊட்டுக்கு வந்திருந்தா, ஒரு கூடைப் பழம் நானே குடுத்திருப்பனே."