மச்சானின் கொக்கி

உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து துடைக்கிற அந்தக் கம்பெனியில் அவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் பேர். கூட வேலை செய்கிறவன் அவன் மனைவியின் அண்ணன். அந்த மச்சான் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சூப்பர்வைசருக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. முறுக்குக் காட்ட வேண்டிய மாப்பிள்ளை, வாளியும் கண்ணாடி துடைக்கிற ரப்பர் கட்டையுமாக, மாடியிலிருந்து வடத்தில் தொங்குகிற தொட்டியில் நிற்பான்.

போன வாரம் காற்றில் தொட்டி சுவரில் மோதியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து மாப்பிள்ளையின் ஒரு கை தொட்டியின் கம்பியை விடமாட்டேன் என்கிறது. ஒற்றைக் கையால் என்னத்தைத் துடைப்பது? மச்சான்தான் அவன் பங்கையும் சேர்த்துத் துடைத்தான். சூப்பர்வைசர் மூச்சை இழுத்து விடக் கற்றுக்கொடுத்தார். எடுபடவில்லை. "இன்னிக்கும் இப்படின்னா, நாளையிலேருந்து கீழ வராந்தா கூட்டு" என்று சொல்லிவிட்டார்.

அவனை அரித்தது அதுகூட இல்லை. தொட்டியில் இறங்குமுன் ஒருவன் பாதுகாப்புப் பெல்ட்டின் முதுகுக் கொக்கியை மற்றவன் கயிற்றில் மாட்டி, இழுத்துப் பார்ப்பதுதான் இருவருக்கும் வழக்கம். மோதலுக்குப் பிறகு மச்சான் இவனுடையதை மாட்டிவிட்டு, தன்னுடையதை வளைந்து நெளிந்து தானே மாட்டிக்கொள்கிறான்.

மொட்டை மாடியில் இன்று கேட்டேவிட்டான்.

"ஏன் மச்சான், என் கை மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"கை நடுங்குதே, நீ கூச்சப்படுவேன்னுதான்..." மச்சான் இழுத்தான்.

"நடுங்கினா நடுங்கட்டும். அதுக்காக ஒதுக்கி வைப்பியா?"

மச்சான் கொக்கியைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி நின்றான். "பாத்து மாட்டு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் பொண்டாட்டி உன்னைச் சும்மா விடமாட்டா."

மாப்பிள்ளை மாட்டினான், இழுத்துப் பார்த்தான். சந்தேகம் வந்து மறுபடி இழுத்தான். முடித்தபிறகுதான், கை நடுங்கவே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

மோதிய இடத்துக்கு வந்ததும் காற்று தொட்டியை ஆட்டியது. கை கம்பிக்குப் பாய்ந்தது. கண் மட்டும் கீழே போகாமல் மச்சானின் முதுகுக்குப் போனது. கொக்கி அப்படியே இருந்தது. மாட்டியது இவன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையாலும் ரப்பர் கட்டையைப் பிடித்தான்.

கீழே நின்ற சூப்பர்வைசர், தன் மூச்சுப் பயிற்சிதான் பலித்தது என்று நினைத்து, நெஞ்சு நிறைய இழுத்து விட்டுக் காட்டினார். மச்சான் தன் பாதியைத் துடைத்துவிட்டுச் சும்மா நின்றான். மீதிப் பாதிக்கு அவன் கை நீட்டவில்லை.