ஒற்றையாள் கூடாரம்

"ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்று கடைக்காரர் டெஸ் கேட்டார்.

கூடாரம் வாங்க வருகிற எல்லோரிடமும் அவர் முதலில் கேட்கிற கேள்விதான். கோரலிக்குத்தான் பதில் சொல்ல நேரமாயிற்று. ஆணியில் தொங்கிய சைக்கிள் டியூப்களைப் பார்த்துக்கொண்டே, "ஒருத்தருக்கு" என்றாள்.

போர்ட் அகஸ்டா சின்ன ஊர்; அங்கே அவள் கதை தெரியாதவர்கள் குறைவு. கோரலியும் அவள் கணவன் மரேயும் பதினோரு வருடம் சேர்ந்து சைக்கிளில் சுற்றியவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு மரே வடகோடியில் இருக்கிற டார்வினுக்குப் போய்விட்டான். அங்கே வேறு ஒருத்தி இருந்தாள். போகும்போது தன் சைக்கிளையும் தன் பைகளையும் எடுத்துக்கொண்டான். ஜோடியாகப் போகிறவர்கள் கூடாரத்தைப் பிரித்துத்தான் சுமப்பார்கள்: ஒருவர் பையில் துணி, மற்றவர் பையில் கம்பு. கோரலியிடம் எப்போதும் துணி. அதனால் பழைய கூடாரத்தின் துணி அவள் அலமாரியில் கிடந்தது, கம்புகள் டார்வினில் கிடந்தன. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பான். அவள் கேட்கவில்லை. அவனும் துணியைக் கேட்கவில்லை.

டெஸ் இரண்டு கூடாரங்களைக் கடைத் தரையிலேயே விரித்து நிறுத்தினார். சைக்கிளும் தூண்டிலும் சேர்த்து விற்கிற கடை. மீனை எடை போடுகிற கொக்கித் தராசில்தான் கூடாரத்தையும் மாட்டுவார்.

"இது மூணு கம்பு. எங்க வேணா தானா நிக்கும். ரெண்டு கிலோ. அது ஒத்தக் கம்பு. முளை அடிச்சாத்தான் நிக்கும். ஆனா பாரு, ஒரு கிலோ நூறு கிராம்."

"தரைத் துணி?"

"அப்படிக் கேளு. மேல எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் தாங்கும், தரை கெட்டியா இருக்கணும். மெல்போர்ன்காரங்க அம்பது கிராம் குறையுதுன்னு காத்து மாதிரி தரை வாங்கிட்டுப் போவாங்க. திரும்பி வரும்போது சல்லடையா வருது."

பஞ்சர் ஒட்டும்போது டயர்களில் இருந்து பிடுங்கிய நெருஞ்சி முட்களை அவர் ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்து ஒற்றைக் கம்புக் கூடாரத்தின் தரையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். துணி குழிந்தது, கிழியவில்லை. "படுத்துப் பாரு. படுக்காம டென்ட் வாங்கக் கூடாது."

கோரலி முதலில் மூன்று கம்புக் கூடாரத்தில் படுத்தாள். இடப்பக்கம் கையை நீட்டினாள். துணியைத் தொடுவதற்குள் நிறைய வெறும் இடம் இருந்தது.

"தாராளமா இருக்குல்ல?" என்று வெளியே இருந்து டெஸ் கேட்டார்.

"இருக்கு" என்றாள். அதுதான் அவளுக்கு வேண்டாததாக இருந்தது.

மற்றதில் படுத்தபோது இரண்டு முழங்கையும் துணியைத் தொட்டன.

"சவப்பெட்டி மாதிரி இருக்குன்னு சொல்றவங்க உண்டு."

"எனக்குச் சரியா இருக்கு."

"உனக்குன்னே அளவெடுத்துத் தச்சிருப்பான் போல." டெஸ் ஒரு சின்ன உலோகக் குழலையும் பையில் போட்டார். "கம்பு ஒடிஞ்சா இதுக்குள்ள விட்டு டேப் சுத்திக்க. கம்பு இல்லன்னா இது டென்ட் இல்ல, ஈரத்துண்டு." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவையும் குவார்ன்ல இருந்து திரும்பி வந்தா சைக்கிள எனக்கே வித்துடு. செவுத்துல சாத்தி வைக்கிற வண்டியா அது?"

போன வருடம் அவள் வடக்கே மலைகளுக்குள் இருக்கிற பிளின்மன் வரை போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். முதல் ஊரான குவார்னில், இரவல் வாங்கிய கூடாரத்தை வெளியே எடுக்கக்கூட மனம் வராமல், ஒரு மோட்டலில் அறை எடுத்துப் படுத்துவிட்டு விடிந்ததும் திரும்பினாள்.

"சரி" என்றாள் கோரலி. டெஸ் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனை சலவைக்கூடத்தில் ஐந்து நாள் விடுப்புக் கேட்டாள். சாமான்களைச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தாள். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினாள். கூடாரத் துணியை மடித்து, சைக்கிளின் இடப்பக்கப் பையின் அடியில் வைத்தாள். முளைகள், டெஸ் கொடுத்த குழல், சூரை மீன் டின்கள். கையில் தூக்கிப் பார்த்தாள். பதினோரு வருடம் பழகிய கனம்தான். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினாள். மலைக் கணவாயில் ஏறி, மதியத்துக்குள் குவார்னை அடைந்தாள். மோட்டலுக்கு முன்னால் பெடலை நிறுத்தாமல் மிதித்தாள். அதற்கப்புறம் செம்மண் பாதை. பேச ஆளில்லை என்பதால் கிலோமீட்டர்களை எண்ணிக்கொண்டு போனாள். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில், தண்ணீரில்லாத ஓடைக்குப் பக்கத்தில் சமதரை இருந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

துணியை உதறி விரித்தாள். முட்டி போட்டு ஓரங்களை இழுத்துவிட்டாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, கையைப் பின்னால் நீட்டினாள்.

அந்தக் கையில் யாரும் எதையும் வைக்கவில்லை.

கை அப்படியே இருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் மடிக்கும்போது கம்பை அதன் உறையில் போட்டு, வாசல் கதவுக்கு வலப்பக்கம் தரையில் வைத்தது நினைவுக்கு வந்தது. மரே தன் பையை நிறுத்துகிற இடம் அது. அவன் எடுத்துக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை, ஒன்றுமே நினைக்கவில்லை. கைதான் வைத்தது. ஒடிந்த கம்பை ஒட்டும் குழல் மட்டும் பத்திரமாக வந்திருந்தது.

கோரலி துணியின் மேல் உட்கார்ந்தாள். ஓடைக்கரையில் பெரிய தைலமரங்கள் நின்றன. அவற்றின் கீழே இந்தப் பக்கத்தில் யாரும் படுக்க மாட்டார்கள்; காற்றே இல்லாத நாளில்கூடத் தொடை பருமனான கிளை சொல்லாமல் விழும். மற்றபடி முழங்கால் உயரப் புதர்கள்தான், அடிவானம் வரைக்கும்.

பாதையில் தூசி கிளம்பி, ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் இரண்டு நாய்கள். ஓட்டி வந்த அறுபது வயதுக்காரி கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, டென்ட் படுத்துக் கெடக்கு? அதுக்கும் களைப்பா?"

"கம்ப வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

"கம்பையா?" அவள் எஞ்சினை அணைத்தாள். "என் வீட்டுக்காரர் ஒரு தடவ மீன் பிடிக்கப் போனாரு, படக விட்டுட்டு. நான் நோலீன். ஆறு கிலோமீட்டர்ல எங்க ஆட்டுப் பண்ணை. கம்பளி வெட்டுறவங்க தங்குற கொட்டகை காலியாத்தான் இருக்கு. கட்டில் இருக்கு, வெந்நீர் இருக்கு. சைக்கிளத் தூக்கிப் போடு. காலைல குவார்ன்ல எறக்கி விடறேன்."

வெந்நீர் என்ற சொல் கோரலியின் முதுகுவரை போயிற்று. எழுந்து சைக்கிளைப் பிடித்தாள். பிடித்தபோது, டெஸ்ஸின் கடைச் சுவரில் அது தொங்குவது போல் ஒரு தோற்றம் வந்தது. கழுத்தில் விலைச்சீட்டோடு.

"வேணாங்க" என்றாள். குரல் சின்னதாக வந்ததால் இன்னொரு முறை சொன்னாள். "எப்படியாவது நிக்க வச்சுக்கறேன்."

நோலீன் மேற்கைப் பார்த்தாள், கீழே கிடந்த துணியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "மழ வரும்."

"தெரியுது."

"மரத்தடிக்கு மட்டும் போயிடாத."

"போக மாட்டேன்."

"பிடிவாதக்காரி" என்று நாய்களிடம் சொல்லிவிட்டு நோலீன் வண்டியைக் கிளப்பினாள்.

சத்தம் தேய்ந்து மறைந்தது. கோரலி சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள். இந்த வெளியில் அந்தச் சைக்கிளைத் தவிர இடுப்பு உயரத்துக்கு நிற்பது வேறெதுவும் இல்லை என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

பைகளைக் கழற்றினாள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சீட்டும் ஹேண்டில்பாரும் மண்ணில் பதிய, சக்கரங்கள் இரண்டும் மேலே நின்றன. சாயாமல் இருக்க ஹேண்டில்பாரை இரண்டு முளைகளோடு இறுக்கினாள். துணியின் தலைமாட்டுப் பக்கத்தை இழுத்து, மாற்று டியூபால் முன்சக்கரத்தில் கட்டினாள். கால்மாட்டு முளைகளைக் கல்லால் அடித்தாள். இரண்டு முறை சரிந்தது. மூன்றாம் முறை நின்றது. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தரையோடு ஒட்டி, ஏதோ பாதியில் விட்ட வேலை போல இருந்தது. முதல் துளிகள் விழும்போது உள்ளே நுழைந்து, சூரை மீனை டின்னிலிருந்தே தின்றாள். காற்று வீசும்போது பின்சக்கரம் தானாகச் சுற்றி டிக் டிக் என்றது. அவளோடு விழித்திருந்தது அது ஒன்றுதான்.

காலையில் கால்மாட்டில் ஒரு கை அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. தூக்கப் பையின் நுனி நனைந்திருந்தது. தரை கிழியவில்லை. கூடாரம் விழவில்லை.

ஈரத் துணியைப் பிழிந்து இடப்பக்கப் பையில் வைத்தாள். முளைகளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வலப்பக்கப் பையைத் திறந்து, வீட்டில் கிடக்கிற கம்புக்கும் இடம் விட்டு, அதில் போட்டாள்.

பாதைக்கு வந்தபோது நோலீனின் வண்டி எதிரே வந்தது. நிற்கவில்லை. வேகம் மட்டும் குறைந்து, ஸ்டியரிங்கின் மேலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. கோரலியும் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள். தூசி அடங்கும்வரை காலை ஊன்றி நின்றாள். குவார்ன் பக்கம் பாதை வெறுமையாக இருந்தது. பிளின்மன் வழியில் அடுத்த ஊரான ஹாக்கர் பக்கமும் வெறுமையாகத்தான் இருந்தது. அவள் ஹாக்கர் பக்கம் மிதித்தாள்.