மேனேஜர் மிதித்த நூல்

தொண்ணூற்றிரண்டில் ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் விற்காமல் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. பாதி மிஷின்களை நிறுத்திவிட்டார்கள். பஞ்சு அள்ளிக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களையும் நூற்கும் மிஷினுக்குப் பழக்கி, தேறும் ஆறு பேரை வைத்துக்கொள்வது, மற்றவர்களை அனுப்பிவிடுவது என்று முடிவானது. மூன்று வாரம் பயிற்சி, அதன்பின் பரீட்சை. ஒரு நிமிஷத்தில் அறுந்த நூல் பத்தை ஒட்ட வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் அசீனா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளைப் பெற்ற அத்தாவின் பேண்டேஜ் துணி நெய்யும் தறி நின்று நாலு மாதம் ஆயிற்று. வீட்டில் இப்போது உலை கொதிப்பது இவள் சம்பளத்தில்தான்.

முதல் நாளே மேஸ்திரி பொன்னுராஜ் கையை விரித்தார்.

"மிஷின் ஓடாது தாயி, கரண்டு செலவு. நூலும் வீணாக்கக் கூடாதாம். இருக்குறதா நெனச்சுக்கிட்டுப் பழகுங்க."

"சம்பளத்தையும் நெனச்சுக்கிடணுமா அண்ணாச்சி?" என்றாள் கூட்டத்திலிருந்த நாச்சியார்.

முதல் வாரம் வெட்கமாக இருந்தது. சும்மா நிற்கும் மிஷினில் நூல் சுற்றும் கதிரை இடது கையால் பிடித்து நிறுத்துவார்கள். வலது கையால் வெறும் காற்றை இழுத்து உருளையில் ஒட்டுவார்கள். இரண்டாவது வாரம் வெட்கம் போய்விட்டது. மூன்றாவது வாரம் கிறுக்கே பிடித்துவிட்டது. நாச்சியார் தலையிலிருந்து இல்லாத பஞ்சைத் தட்டினாள். அசீனா பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தோளிலிருந்து ஒரு நூலை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒட்டினாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

"ஏட்டி, குறுக்க வராத, நூல அத்துப்புடுவ!" என்று ஒருத்தியை ஒருத்தி நிஜமாகவே ஏசினார்கள்.

பரீட்சையன்றும் மிஷின் ஓடவில்லை. மேனேஜர் சமுத்திரம் கடிகாரத்தோடு வந்து நின்றார். பதினோரு பேர் முடித்ததில் ஐந்து பேர் தேறியிருந்தார்கள். நாச்சியார் ஐந்தாவது ஆள். மிச்சம் ஓரிடம், மிச்சம் அசீனா.

அவள் பறந்தாள். கதிருக்குக் கதிர் தாவினாள். காதுக்குள் மிஷின் இரைந்தது. விரல் நுனியில் நூல் சுறுசுறுவென்று ஓடியது.

"பத்து!" என்றார் பொன்னுராஜ்.

"ஒம்போது," என்றார் மேனேஜர். "கடைசி நூல் ஒட்டல. நான் பாத்தேன்."

அசீனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எப்படி சார் ஒட்டும்? நீங்க அது மேல ஏறி நிக்கிறீக! மொதல்ல கால எடுங்க!"

மேனேஜர் சட்டென்று காலைத் தூக்கினார்.

பொறுக்க முடியாமல் நாச்சியார்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஷெட்டே சிரித்தது. தேறாத ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பொன்னுராஜ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மேனேஜர் ஒற்றைக் காலில் ஆடியபடி, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைத் தேடினார்.

"பத்துன்னே எழுதும்வே!" என்று பொன்னுராஜிடம் கத்தினார். "ஏம்மா, இப்ப கால வைக்கலாமா?"

"பொறுங்க சார்," என்று குனிந்தாள் அசீனா. "செருப்புல ஒட்டியிருக்கு."