கோஸ்தான் கேட்ட கார்

இப்போதெல்லாம் ஆட்கள் வெள்ளிப் பணத்தைக் கொட்டிச் சாமான் வாங்குகிறார்கள், பொட்டலத்தைப் பிரித்துப் பொருந்தவில்லை என்றால் விற்றவன் சட்டையைப் பிடிக்காமல் அரத்தைத் தேடி அலைகிறார்கள் என்பது பினாங்கு ஜெலுத்தோங் இராயப்பனின் பெரிய குறை. 1986இல் அவர் அரம் போட்டுக் கொடுத்த ரிமோட் கார் ஒன்று மனிதர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அதன் பிறகும் அவர் குறை மாறவில்லை.

காரின் சொந்தக்காரர் டத்தோ கிராமாட்டில் குடியிருந்த கதிர்காமநாதன். நில அலுவலகத்தில் கிராணி. பேனாவை விடக் கனமான எதையும் பிடித்தறியாதவர். ஞாயிறுதோறும் ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் கார் நிறுத்தும் திடலில் பத்துப் பதினைந்து பேர் முழ நீளக் கார்களை ரேடியோப் பெட்டியால் ஓட்டிப் பந்தயம் வைப்பார்கள். கதிர்காமநாதன் முன்சக்கரத்தைப் பிடிக்கும் அலுமினியத் தாங்கி ஒன்றைப் புதிதாக வரவழைத்தார். அது அரிசி முனையளவு தடிப்பாக வந்தது. இராயப்பன், செய்தவனுக்கே திருப்பி அனுப்பு என்று திட்டிவிட்டு, திட்டிக்கொண்டே வைஸ் இடுக்கியில் இறுக்கி ராவினார். முப்பத்தொரு வருஷம் பட்டறையில் பஸ்களைப் பின்வாங்கச் சொல்லிக் குழிமேல் ஏற்றிய வாய் அவருக்கு. அரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போதெல்லாம் ‘கோஸ்தான், கோஸ்தான்’ என்பார். பின்னால் எடு என்பதற்குப் பினாங்கில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். தாங்கி பொருந்துவதற்குள் நானூறு தரம் சொல்லியிருப்பார். அலுமினியம் மெத்தென்ற உலோகம், சொன்னதைப் பிடித்துக்கொண்டது.

இறுதிப் பந்தயத்தில் அந்தக் கார் அரைச் சுற்று முன்னால் ஓடியது. கடைசித் திருப்பத்தில் வரும்போது சந்தைக்குள் மீன் லாரி ஒன்று பின்வாங்க, லாரிக்காரனுக்கு யாரோ “கோஸ்தான், கோஸ்தான்!” என்று கத்தினார்கள். லாரியும் பின்வாங்கியது, காரும் பின்வாங்கியது. கதிர்காமநாதன் பெட்டியை எப்படி அமுக்கியும் பதினொரு வினாடி நிற்கவில்லை. கோப்பை இரண்டாவதாக வந்துகொண்டிருந்த வில்லியத்துக்குப் போனது. வில்லியமும் இராயப்பனும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்கிறவர்கள். கிழவன் உள்ளே என்னவோ வைத்துவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கப் பேச்சு.

மறுநாள் கதிர்காமநாதன் காரைத் தூக்கிக்கொண்டு இராயப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, நான் உங்கள நம்பித்தானே குடுத்தேன்? இப்படிப் பண்ணிட்டீங்களேலா.”

“நான் தொட்ட பிரேக் ஒண்ணு முப்பத்தோரு வருஷத்துல வழுக்கினது கெடையாது. ஒன் பொம்மைக்கு நான் குழி வெட்டுவனா? பேட்டரி கோளாறு தம்பி.”

“பேட்டரிய நேத்தே கழட்டிட்டேன்.”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த இராயப்பன் மனைவி அமலம்மாள், “இந்த மனுசன் ராத்தூக்கத்துலயும் கோஸ்தான்னுதான் சொல்லுவாரு” என்றாள். பேட்டரி இல்லாத கார் மெல்லப் பின்னால் நகர்ந்து அரிசிப் பானையில் முட்டி நின்றது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

“தரை சரிவு” என்றார் இராயப்பன்.

ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான். கோயிலில் யாரும் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்த அவருக்குச் சொத்தென்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அடுத்த ஞாயிறு திடலுக்கு வைஸைச் சுமந்து போய் ஒரு பெட்ரோல் பீப்பாயில் முடுக்கினார். எல்லோரும் பார்க்க இன்னொரு புதுத் தாங்கியைப் பிரித்தார்கள்; அதுவும் அரிசி முனையளவு தடிப்புத்தான். “பாருங்க, திருடன் நானில்ல, இதச் செஞ்சவன்தான்” என்று பொட்டலத்தைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டு ராவ வேண்டும் என்றார் கதிர்காமநாதன். இராயப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் அரத்தைத் தள்ளினார். ஒரு துகள் உதிரவில்லை. அரம் சோப்பில் போவதுபோல வழுக்கியது. வாய் அசையாமல் அவர் கை வேலை செய்யாது என்பதை அன்றுதான் அவரே கண்டார்.

“அவருக்கே தெரியாமப் பேசியிருக்காரு. இதுல களவு எங்க இருக்கு?” என்றான் வில்லியம்.

இராயப்பன் அரத்தைக் கதிர்காமநாதன் கையில் திணித்தார். “ஒன் காரு. நீயே ராவு.”

கிராணி இரண்டு மணி நேரம் ராவினார். இரண்டு விரலில் தோல் போயிற்று. தாங்கி கோணலாக வந்தாலும் பொருந்தியது. கார் ஓடியது, லாரிக்காரனுக்குக் கத்தினதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திருப்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு திரும்பியது. கோப்பை அவருக்கு என்றைக்கும் கிடைக்கவில்லை. காரை வேறு யாரிடமும் கொடுக்கவும் இல்லை. அவரவர் சாமானை அவரவரே ராவ வேண்டும், வாயை மூடிக்கொண்டு ராவ வேண்டும் என்று பந்தயக் கிளப்பு நோட்டில் அன்றே எழுதினார்கள்.

“மன்னிச்சிடுங்க அண்ணே” என்றார் கதிர்காமநாதன்.

“ஒன் மன்னிப்பு இருக்கட்டும். இந்தச் சட்டம் மடத்தனம்லா. காசு வாங்கினவன் சரியாச் செய்யணும். அவன் வேலைய நீங்க ஓசில செஞ்சுட்டு அதுக்கு ஒரு நோட்டு வேற.”

கழற்றிப் போட்டிருந்த பழைய தாங்கியை, செய்தவனுக்கு அனுப்பி நாக்கைப் பிடுங்குகிறமாதிரி கேட்கப் போவதாகச் சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். சந்தை முனையில் ஒரு மீன் லாரி பின்வாங்கியது. “கோஸ்தான்!” என்று யாரோ கத்தினார்கள். இராயப்பன் மூன்று அடி பின்னால் வந்தார்.

“அண்ணே, அத இங்கயே போட்டுட்டுப் போங்க!” என்று கதிர்காமநாதன் கூப்பிட்டார்.

“முட்டி புடிச்சிக்கிச்சு. ஒனக்கென்ன?”

தாங்கியைத் திருப்பி அனுப்பத் தபால்தலைக்குக் காசு கொடுக்கவே அவருக்கு ஒன்பது வருஷம் மனசு வரவில்லை. அந்த ஒன்பது வருஷமும் அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. லாரி வரும் நேரம் பார்த்து, மீன் விற்கும் ஹமீதா அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கூடையை மூன்று அடி தள்ளி வைத்துக்கொள்வாள். அவர் வருவார், பின்வாங்குவார், முட்டியைத் திட்டுவார். பிறகு லாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்து நடப்பார்.