ரோக்பி கணக்கு

ஹெஸ்டரின் தம்பி டெனிஸ் இத்தாலியில் ஒரு குன்றைப் பிடிக்கப் போய்ச் செத்தான். அந்தச் சாவைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆட்களை மூன்று அணியாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பித் தாக்குதலை நடத்திய ரோக்பி, 'மூன்றாவது அணி பயந்து தயங்கியதால் தோற்றோம்' என்று அறிக்கை எழுதியதைத்தான் பொறுக்கவில்லை. அந்த அணிக்குத் தலைவன் டெனிஸ். அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பப்பில் யாரும் ஒரே மேஜையில் உட்காரவில்லை.

எட்டு வருடம் கழிந்தது. ராணுவத்துக்காகப் போர்களைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் ஆபீஸ் ஒன்றில், இங்கிலாந்தின் சர்ரேயில், நானும் ஹெஸ்டரும் இருந்தோம். ஜெனரலாகிவிட்ட ரோக்பி, இருபது அதிகாரிகளோடு பார்வையிட வந்தார்.

"சார், உங்ககிட்ட தொள்ளாயிரம் பேர். எதிரி அறுநூறு பேர். துப்பாக்கியெல்லாம் ஒண்ணுதான். எப்படி அனுப்புவீங்க?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"முந்நூறு முந்நூறா மூணு தடவை. அவனை மூச்சுவிட விடக்கூடாது."

ஹெஸ்டர் சாக்கட்டியை எடுத்தாள். பலம் என்பது ஆள் எண்ணிக்கையின் வர்க்கம்; ஆள் இரட்டித்தால் பலம் நாலு மடங்கு. அதுதான் எங்கள் சூத்திரம். முதல் முந்நூறு பேர் மாண்டபோது எதிரிகளில் ஐந்நூற்று இருபது பேர் மிச்சம். அடுத்த முந்நூறு போனதும் நானூற்று இருபத்துநாலு. கடைசி அணியும் அழிந்தபின் முந்நூறு.

"தொள்ளாயிரம் பேரும் காலி. மொத்தமா அனுப்பியிருந்தா அறுநூத்தி எழுபது பேர் வீடு திரும்பியிருப்பாங்க. இதுல பயந்தது யாரு சார்? என் தம்பியா?"

ரோக்பியின் முகம் சிவந்தது. "போர் கரும்பலகையில நடக்கிறதில்ல, மிஸ் பார்ஜிட்டர்."

"ஆமா சார். இங்க செத்தவங்களை அழிச்சிட்டு மறுபடி எழுதிக்கலாம்."

பின்வரிசை மேஜர் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

ஹெஸ்டர் அதோடு விடவில்லை. இளம் அதிகாரிகளுக்கான பாடப் புத்தகத்தை எழுதும் வேலை அவளிடம் வந்தபோது, அந்தக் கணக்குக்கு 'ரோக்பி கணக்கு' என்று தலைப்பு வைத்தாள். இரண்டே வருடத்தில் அந்தப் பெயர் பாசறையெங்கும் பரவிவிட்டது. ஆட்களைப் பிரித்து அனுப்புகிறவனை, "என்னடா, ரோக்பி வேலை பாக்குறே?" என்று கேலி செய்தார்கள்.

ரோக்பியிடமிருந்து கடிதம் வந்தது. பெயரை எடுத்துவிடும்படி கெஞ்சியிருந்தார்.

'முதலில் டெனிஸ் மேல் எழுதியதை எடுங்கள்' என்று பதில் போட்டாள்.

எடுத்தார். அறிக்கையைத் திருத்தி, தவறு தன்னுடையது என்று கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவள் அப்பாவுக்கும் அனுப்பினார்.

அடுத்த பதிப்பின் அச்சுத்தாள் திருத்தத்துக்கு வந்தது. தலைப்பு அப்படியே இருந்தது.

"அடிப்பாவி, வாக்கு குடுத்தியே!" என்றேன்.

"முதல்ல எடுங்கன்னுதான் சொன்னேன். அப்புறம் நான் எடுப்பேன்னு எங்கடி சொன்னேன்?"

அவள் சிரிக்கவில்லை. அச்சுத்தாளில் அந்தப் பெயரின் எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தடிமனாக்கச் சொல்லிக் குறித்தாள்.